பதினான்கு மாதப் பரிசீலனையும் இருபது நாள் புத்தகங்களும்

புத்தகம் எழுதுகிறவருக்குத் தம் ஒரு புத்தகம் மட்டுமே கவலை. புத்தகம் செய்து கொடுக்கிறவனுக்கோ ஊரில் எழுதுகிற அத்தனை பேரும் கவலை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக நான் செய்துவரும் தொழில் இதுதான். கையெழுத்தில் வருவதைக் கணினியில் ஏற்றி, பிழை திருத்தி, பக்கம் அமைத்து, வெளியூர் அச்சகத்தில் அடித்து வாங்கி, எழுதியவர் கையிலேயே ஒப்படைத்துவிடுவது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தோல் கிடங்கில் சரக்கு எண்ணி எழுதும் வேலையில் இருந்துகொண்டே, இரவல் வாங்கிய இலக்கண நூல்களைப் புரட்டிப் புரட்டித் தமிழை நானே கற்றேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

என்னுடன் பணிபுரிபவர் தனலட்சுமி. எரியோட்டிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருகிறார். கணினி, பக்க அமைப்பு, மின்னஞ்சல் ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு; பிழை திருத்தமும் கோபமும் என் பொறுப்பு. மெய்ப்புப் பார்த்துக் கண் மங்கியவர்களே, எழுதியதை அனுப்பிவிட்டு நாள் எண்ணுகிறவர்களே, உறவினர் எழுதிய நூலை மேடையில் வாங்கிக்கொண்டு புன்னகைக்க நேர்ந்தவர்களே, நீங்களும் என்னைப் போல நொந்தவர்கள்தாம் என்னும் உரிமையில் இவற்றை எழுதுகிறேன்.

தேங்காயும் விலையும்

புதிதாக எழுதுகிறவர் எவர் வந்தாலும் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பதிப்பகத்துக்கு அனுப்பலாமா, நாமளே போட்டுக்கலாமா?" நானும் சலிக்காமல் ஒரே விடையைச் சொல்லிவந்தேன். பதிப்பகம் என்றால் அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களே செலவு செய்வார்கள், கடைக்கும் நூலகத்துக்கும் கண்காட்சிக்கும் கொண்டு போவார்கள். ஆனால் காத்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் தாங்கிக்கொள்ளவும் வேண்டும். தாமே அச்சிட்டால் இருபது நாளில் புத்தகம் கைக்கு வரும். அதன்பின் அது கைக்கும் கட்டிலுக்கு அடிக்கும் இடையிலேயே உலவிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள் என்பேன். என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு நான் சொல்லும் இந்த நல்லுரையைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

பாலசமுத்திரத்திலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தொண்ணூற்றாறு கவிதைகளோடு வந்திருந்தார். நான் பதிப்பகங்களின் பெருமையை அரை மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்தபின், பின்னட்டையில் விலை போடும் இடம் எது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். பதிப்பகம் என்றால் விலையை அவர்கள்தாம் போடுவார்கள் என்றேன். அவர் சொன்னார்: "ஏனுங்க பாய், நாம போட்ட தேங்காய்க்கு என்னைக்காச்சும் நாம வெல சொல்லிருக்கறமுங்களா? வண்டியில வாரவன் சொல்றதுதானுங்க வெல. இந்த ஒண்ணுக்காச்சும் நானே சொல்லிக்கிறனுங்க."

பூக்கூடையில் வந்த நாவல்

காளீஸ்வரி, ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் மல்லிகையும் செவ்வந்தியும் பயிரிடுபவர். ஐம்பது வயதை ஒட்டியவர். விடியுமுன் பறித்ததைத் திண்டுக்கல் பூச்சந்தையில் தம் கடையில் வைத்து விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தார். கூடைக்குள் ஈரச்சாக்கு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மூன்று நீள நோட்டுகள். "நாவலுங்க" என்றார். அன்று அது எனக்கு மூன்றாவது நாவல். பெருமூச்சை மறைத்துக்கொண்டு, வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

இரண்டு நாளில் படித்து முடித்தேன். பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் பெண்களின் கதை. பூவைப் பற்றி எழுதப்பட்ட நானூறு கவிதைகளையாவது என் கையால் திருத்தியிருப்பேன். பூ கனமானது என்று எழுதியவர் இவர் ஒருவர்தாம். முகூர்த்த நாளில் தலைச்சுமையாக இறக்கும்போது கழுத்து எந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளும் என்பதுவரை அதில் இருந்தது. திருத்துவதற்காக எடுத்த சிவப்புப் பேனாவைப் பாதிப் பக்கங்களில் மறந்தே போனேன்.

மறுமுறை அவர் வந்தபோது, இத்தொழிலில் அதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இதை நான் அச்சிட்டுத் தரமாட்டேன், இது பதிப்பகத்துக்குப் போக வேண்டிய நூல், நானே சென்னைக்கு அனுப்பிவைக்கிறேன் என்றேன். அவர் கூடையைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "சரிங்க பாய், விவரந் தெரிஞ்சவுக சொல்லுறீக. ஆனா மார்க்கெட்டுல அம்புட்டுப் பேர்கிட்டயும் சொல்லிப்பிட்டேன். இது புத்தகமா வந்தாத்தேன் நான் எழுதுனது எழுத்து. வரலேன்னா இத்தோட நோட்ட மூடிருவேன், அடுத்தது கெடையாது."

ஒன்பது அணிந்துரைகள்

காளீஸ்வரியின் நாவலைத் தனலட்சுமி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த அதே மாதத்தில், கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தம் சிறுகதைத் தொகுதியை நேராக எங்களிடம் கொடுத்தார். கதைகள் நாற்பத்தெட்டுப் பக்கம். அணிந்துரைகள் ஒன்பது. சங்கத்தின் முன்னாள் தலைவர், இந்நாள் தலைவர், உரக்கடைக்காரர், சம்பந்தி, சம்பந்தியின் அண்ணன் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அவற்றைப் பக்கம் அமைத்தபோது ஐம்பத்தோரு பக்கம் வந்தது.

படிக்கிறவர் கதையைச் சென்றடைவதற்குள் களைத்துவிடுவார் என்று நயமாக எடுத்துச் சொன்னேன். ஒன்பது பேரில் எவரும் கதைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, எல்லாரும் செயலாளரின் நேர்மையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள் என்றும் சுட்டிக்காட்டினேன். கதைகளை அவர்களுக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "பெரியவுக, அவுகளுக்கு எதுக்குச் செரமம்" என்றார். பக்கங்கள் கூடினால் செலவு கூடும் என்று கடைசி ஆயுதத்தையும் எடுத்துப் பார்த்தேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "வேணும்னா கதையில ரெண்ட எடுத்துருங்க பாய். அணிந்துரை குடுத்தவுக மனசு நோகக் கூடாது."

பரிசீலனையில் உள்ளது

நாவல் முழுதும் கணினியில் ஏறி முடிந்த நாளன்று தனலட்சுமி தங்கையின் வளைகாப்புக்காக விடுப்பில் இருந்தார். "நான் வந்து அனுப்புறேன்யா, அதுல ஒரு வேலை பாக்கி கெடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மூன்று நாள் தாமதிப்பானேன் என்று நானே அனுப்பினேன். அவர் அனுப்புவதை நூறு முறை பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதில் என்ன வித்தை இருக்கிறது? அவர் திரும்பி வந்ததும் "போய்ச் சேர்ந்துவிட்டது" என்றேன். மேசையில் குவிந்துகிடந்த வேலையில் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் சென்னைப் பதிப்பகத்திலிருந்து ஒரு வரி வந்தது: தங்கள் படைப்பு பரிசீலனையில் உள்ளது. ஆறாம் மாதம் நினைவூட்டி எழுதினேன். அதே வரி, ஒரு புள்ளியும் மாறாமல் வந்தது. ஒன்பதாம் மாதம் வரி நீண்டது: தங்கள் படைப்பின் நடை எங்களை வெகுவாகக் கவர்ந்தது, பரிசீலனை தொடர்கிறது. அதை நான் காளீஸ்வரியிடம் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். நடையைப் பாராட்டுவது எளிதில் கிடைக்காத பேறு என்றும் விளக்கினேன்.

அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. சந்தையில் அவருக்கு அடுத்த கடை மாரியக்கா என்பவருடையது. முதல் மாதத்தில் "எங்கடி புத்தகம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், இப்போது கேட்பதை விட்டுவிட்டுக் கேலி செய்யத் தொடங்கியிருந்தார். மற்றக் கடைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்களாம். கூடையை இறக்கியதும் மாரியக்கா சொல்வதைக் காளீஸ்வரி அதே குரலில் எனக்குச் சொல்லிக் காட்டினார்: "ஏய், புத்தகக்காரி வந்துட்டா, வழிய விடுங்கடி. மேல ஒரசுனா அச்சு மை ஒட்டிக்கிரும்."

அச்சிடலாம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மெய்ப்பை எழுதியவரே முதலிலிருந்து முடிவுவரை படித்து, மேல் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று தம் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதுவன்றி ஒரு தாளும் அச்சகத்துக்குப் போகாது. படியுங்கள் என்று கெஞ்சுவேன், அதட்டுவேன். எல்லாரும் தங்கள் ஒளிப்படம் இருக்கும் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவார்கள். தாம் எழுதியதையே படிக்க மனமில்லாதவர் பிறர் படிக்க வேண்டும் என்று முந்நூறு படி அடிக்கிறார் என்பது எனக்கு இன்றளவும் விளங்காத புதிர்.

தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர், மறைந்த தம் தந்தையாருக்கும், உயிரோடிருக்கும் மாமனாருக்கும் நூலைக் காணிக்கையாக்கி இருவர் படத்தையும் கொடுத்திருந்தார். படத்துக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டவரும் அவரே. எந்த எண்ணுக்கு எந்த வாசகம் என்று தாளில் எழுதித் தந்தவரும் அவரே. தாளில் எண்கள் முன்பின்னாக மாறியிருந்தன. இரண்டு பெரியவர்களையும் நாங்கள் கண்டதில்லை. அவர் எழுதியபடியே அமைத்தோம். மெய்ப்பில் மூன்றாம் பக்கத்திலேயே அது இருந்தது. 'அச்சிடலாம்' என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விழா மேடையில் முதல் படியைப் பெற்றுக்கொள்ள அழைக்கப்பட்டவர் மாமனார். பொன்னாடை போர்த்தியாயிற்று. அவர் நின்றபடியே நூலைப் பிரித்தார். தம் படத்துக்குக் கீழே 'என்றும் எங்கள் நினைவில் வாழும்' என்று இருப்பதை நிதானமாகப் படித்தார். மருமகன் என் பக்கம் பார்த்தார்; நான் கூரையைப் பார்த்தேன். மாமனார் நூலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "படம் நல்லா விழுந்திருக்கு மாப்ள. நாள் வாரப்ப இதையே பெருசாக்கிக்கங்க, மறுக்கா எடுக்க வேணாம்."

விருந்தும் வெளியீடும்

என் சொந்தத்தில் தோல் வியாபாரம் செய்யும் ஒருவர் தம் புனிதப் பயணத்தைப் பற்றி நூல் எழுதினார். நன்றாகவே எழுதியிருந்தார். ஆறு மாதம் பொறுத்தால் ஒரு பதிப்பகத்தில் சொல்லிப் பார்க்கலாம் என்றேன். ஆறு மாதத்தில் சமையற்காரர் கிடைக்கமாட்டார் என்று மறுத்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் வெளியீடு. நான்கு தேக்சா, அதாவது பெரிய அண்டா நிறையப் பிரியாணி, தொட்டுக்கொள்ளத் தால்சா. நிகழ்ச்சி நிரலில் முதலில் உரை, பிறகு வெளியீடு, அதன்பின் விருந்து என்று என் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன்.

வரவேற்புரை முடிவதற்குள் மண்டபத்தின் பின்கட்டில் தேக்சா திறக்கப்பட்டது. மணம் முன்கட்டுக்கு வந்தது. முன்கட்டில் இருந்தவர்கள் மரியாதை குறையாமல், வரிசை வரிசையாக, பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். மேடையில் நூலாசிரியரும் சிறப்புரையாளரும் நானும் மிஞ்சினோம். நான் எழுந்து போய்ப் பந்தியின் வாசலில் நின்று, முதலில் நூலைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். சோற்றுத் தட்டோடு நின்ற உறவுக்காரர் ஒருவர் மிகுந்த அன்போடு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "கோவிக்காதீங்க மாமு. புத்தகம் நாளைக்கும் இருக்கும், தால்சா இருக்குமா?"

நடுவில் எங்கேயாவது

இவ்வாறு நான் தடுத்தும் நில்லாத நூல்கள் எல்லாம் இருபது இருபது நாளில் வெளிவந்துகொண்டிருக்க, நான் அனுப்பிய ஒரே நூல் பதினான்காம் மாதத்தில் நின்றது. காளீஸ்வரி எங்கள் கடைக்கு வருவதை விட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது. அவரைப் பேருந்தில் பார்த்ததாகத் தனலட்சுமி சொன்னார். நாங்கள் திருப்பிக் கொடுத்த நோட்டுகள் மூன்றையும் பழைய தாள் எடுப்பவரிடம் போடப்போவதாகச் சொன்னாராம். "அழுதாரா?" என்று கேட்டேன். "இல்லய்யா, சிரிச்சாக. அதுதேன் நல்லால்ல" என்றார்.

அன்றே பதிப்பகத்துக்குத் தொலைபேசினேன். ஒவ்வொருவராகக் கைமாற்றி, கடைசியில் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேசினார். "படிச்சோம் சார். பிரமாதம். மண்வாசனை அப்படியே வருது" என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. எந்தப் பகுதி பிடித்தது என்று ஆசையாகக் கேட்டேன். "எல்லாமே சார். ஆனா கொஞ்சம் நீளம். நூறு பக்கம் குறைச்சுக் குடுத்தீங்கன்னா யோசிக்கலாம்" என்றார். எந்த நூறு பக்கம் என்று கேட்டேன். அவர் தயங்கியது எனக்குக் கேட்டது. பிறகு சொன்னார்: "நடுவுல எங்கயாச்சும் சார். மார்க் பண்ணி அனுப்பச் சொல்றேன்."

மஞ்சள் அடித்த நூறு பக்கங்கள்

மறுநாளே, குறியிட்ட கோப்பு வந்துவிட்டது. தனலட்சுமி திறந்தார். திறந்தவர் நாற்காலியை நகர்த்தி எனக்கு வழிவிட்டார். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கேள்விக்குறிகளுமாக, காற்றில் கலைந்த தாள்கட்டைப் போலக் கிடந்தன.

காரணத்தை அவர் விளக்கினார். எங்கள் அச்சகத்தார் பழைய தமிழ் எழுத்துருவிலேயே வேலை செய்கிறார்கள். ஆகவே நாங்களும் அதிலேயே ஏற்றுகிறோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இப்படித்தான் தெரியும். எனவே வெளியே அனுப்புவதற்கு முன், எல்லாக் கணினியிலும் தெரியும்படி மாற்றியே அனுப்ப வேண்டும். அவர் விடுப்பில் போகும்போது பாக்கி இருப்பதாகச் சொன்ன வேலை அதுதான். நான் மாற்றாமல் அனுப்பியிருக்கிறேன். பதினோரு ஆண்டு அனுபவத்தில் நூறு முறை பார்த்தும், பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் நான் பார்க்கவில்லை.

பிழை என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கோப்பைத்தான் அவர்கள் பதினான்கு மாதம் பரிசீலித்திருக்கிறார்கள். இதன் நடைதான் அவர்களை வெகுவாகக் கவர்ந்திருக்கிறது. இதிலிருந்துதான் மண்வாசனை வந்திருக்கிறது. அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து நூற்றறுபதாம் பக்கம்வரை மஞ்சள் அடித்து, ஓரத்தில் 'இப்பகுதி தொய்வாக உள்ளது' என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். தனலட்சுமி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க தப்பு இருக்கட்டும்யா. இந்த எழுத்துல எந்த எடம் தொய்வுன்னு கண்டுபுடிச்சாரு பாருங்க, அந்த மனுசன் சாமானியப்பட்ட ஆளு இல்ல."

படித்த ஆள்

காளீஸ்வரியை வரவழைக்கும் துணிவு எனக்கு இல்லை. நானே பூச்சந்தைக்குப் போனேன். வியாபாரம் ஓய்ந்து, தரையெல்லாம் மிதிபட்ட செவ்வந்தி. அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுத்துரு என்றால் என்ன என்பதை விளக்க, என் கைப்பேசியில் எடுத்துவந்த படத்தையும் காட்டினேன். வாடிக்கையாளர் ஒருவர் முன் நான் தலைகுனிந்து நின்றது அந்த ஒரு நாள்தான். கோப்பை முறையாக மாற்றி அவர்களுக்கே மறுபடி அனுப்பலாம், வேறு நல்ல பதிப்பகங்களும் உள்ளன, எல்லாரும் இப்படி இருக்கமாட்டார்கள், இன்னும் ஓராண்டு பொறுத்தால் போதும் என்றேன். அவ்வளவையும் நம்பியே சொன்னேன்.

"அப்ப அங்க ஒருத்தருமே படிக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கைப்பேசிப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். என்ன காரணத்தாலோ அவர் முகம் தெளிந்தது. வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, அவர் எழுத்தை அவர்கள் பார்க்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பதினான்கு மாதமாக நான் அதை ஒரு தீர்ப்பாக அவர் தலையில் ஏற்றிவைத்திருந்தேன்.

நீங்களே அச்சடித்துக் கொடுங்கள் என்றார். நான் விடவில்லை. தாமே அச்சிட்டால் கடைகளில் வைக்கமாட்டார்கள், மதிப்புரை வராது, கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும் என்று என் பழைய பாடத்தை முழுதும் ஒப்பித்தேன். என் பிழைக்கு ஈடாக அச்சுச் செலவை நானே ஏற்கிறேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர் முறைத்த முறைப்பில் அப்பேச்சை அத்தோடு விட்டேன். தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மெட்ராசுக்காரவுக படிக்காமயே நல்லாருக்குன்னு சொல்லிட்டாக. இங்க இவளுக படிக்காமயே சிரிக்கிறாளுக. படிச்சுப்புட்டுப் பேசுன ஆளு நீங்க ஒருத்தருதேன் பாய். அதனால நீங்களே போடுங்க."

மல்லிகைக்குப் பக்கத்தில்

மெய்ப்பை நான் மூன்று முறை படித்தேன். நான்காம் முறை அவரை எங்கள் கடையில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். நான்கு நாள், சந்தை முடிந்தபின் வந்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, பதினேழு இடங்களைத் திருத்தினார். அவற்றில் பதினைந்து, நான் இலக்கணப்படி சரிசெய்து அவர் பேச்சைக் கெடுத்து வைத்திருந்த இடங்கள். வாதிட்டுப் பார்த்தேன், தோற்றேன். பிறகு 'அச்சிடலாம்' என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் கடையில் முழுதும் படித்துவிட்டு அதை எழுதிய முதல் ஆசிரியர் அவர்தாம்.

அணிந்துரை இல்லை, மேடை இல்லை. முந்நூறு படிகளில் இருபதைக் கொண்டுபோய்ச் சந்தைக் கடையில், மல்லிகைக் குவியலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு அடுக்கிவைத்தார். ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் நான் பார்க்கப் போனேன். சுங்குடிச் சேலை கட்டிய ஓர் அம்மாள் பலகையைக் காட்டி, "பூ வாங்குனா புத்தகம் சும்மாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காளீஸ்வரி, பூவை நிறுத்துக்கொண்டே, "புத்தகம் வாங்குனா பூ சும்மா" என்றார். அந்த அம்மாள் பூவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மொத்தப் படிகளில் பாதிக்கு மேல் இன்றும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. அந்த அளவில் நான் சொன்னது பொய்க்கவில்லை.

அடுத்த கடையில் மாரியக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூடை பிரிக்கப்படாமல் கிடந்தது. மடியில் புத்தகம். எழுத்துக் கூட்டிக் கூட்டி, உதடு அசைய, விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு படித்தார். எட்டிப் பார்த்தேன், பதினோராம் அத்தியாயம். மகள் வீட்டைவிட்டுப் போய்விட்ட காலையில், அதை ஒருவருக்கும் தெரியவிடாமல் சந்தைக்கு வந்து உட்கார்ந்து, கால் கிலோ கனகாம்பரத்துக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசிய பெண்ணைப் பற்றியது அது. அந்தப் பெண் யார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அத்தனை மாதம் அவர் கேலி செய்தது, தம் கதை அதில் வெளிவந்துவிடுமோ என்ற பயத்தால்தான் என்பதும் புரிந்தது. காளீஸ்வரியும் அவரைப் பார்த்துவிட்டார். தராசை அப்படியே விட்டுவிட்டு நின்றார். எழுதிய ஒருவர், படிக்கிற ஒருவரின் முன் அப்படி நடுங்கி நின்றதை நான் எந்த வெளியீட்டு விழாவிலும் கண்டதில்லை.

மாரியக்கா அத்தியாயத்தை முடித்தார். இடத்தை மறந்துவிடாதிருக்கப் பக்கத்துக்குள் ஒரு வாழைநாரை வைத்து மூடினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். திரும்பாமலே சொன்னார்: "அம்புட்டையும் எழுதிப்பிட்ட, எம்பேர மட்டும் ஏண்டி மாத்துன? அடுத்த புத்தகத்துலயாச்சும் ஒழுங்காப் போடு."

புதியவர் ஒருவரின் நூலைப் படிக்காமலிருக்கப் பதிப்பகத்துக்குப் பதினான்கு மாதங்கள் தேவைப்படுகின்றன, உற்றார் உறவினருக்கோ ஒரு மதியச் சாப்பாடு போதுமாகிறது என்பதைத் தவிர, இவ்விரு வழிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு எதையும் நான் இதுவரை கண்டேனில்லை.